பதினெட்டு கோர் பாஸ்கரும் என் பில்லிங் லேப்டாப்பும்

கம்ப்யூட்டர் கடைக்கு யாரும் ஆலோசனை கேட்டு வருவதில்லை. வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு, அது சரிதான் என்று நம் வாயால் சொல்லவைக்கத்தான் வருகிறார்கள். தஞ்சாவூரில் கடை நடத்தும் நான் சொல்வது, இதே தொழிலில் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்குப் புதிதாக இருக்காது. “சர்வர் பிராசசர் நல்லதா, லேப்டாப் பிராசசர் நல்லதா?” என்று கேட்டுக்கொண்டு ஒருவர் படியேறினால் உங்களுக்கும் என்னைப்போலவே தலை கனக்க ஆரம்பித்துவிடும்.

பதினெட்டுக்குப் பதினெட்டு

பாஸ்கர் பூதலூர்க்காரர். மன்னார்குடியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணங்களுக்கு லைட் பிடித்து, அப்படியே கேமராவும் எடிட்டிங்கும் கற்றுக்கொண்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தார். முதல் ஆர்டர் ஆனி மாதக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. ஆடிப்பெருக்கு அன்று பெண் வீட்டில் தாலி பிரித்துக் கோர்க்கும்போது சொந்தபந்தம் எல்லாம் கூடும். அன்றைக்கே முழு வீடியோவையும் போட்டுக் காட்ட வேண்டும். மறுநாள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆள் பேசுவதும் அங்கேதான். படம் நன்றாக ஓடினால் பாஸ்கருக்குப் பிழைப்பு. ஓடாவிட்டால் மறுபடியும் லைட் பிடிக்கத்தான் போக வேண்டும்.

அவர் போனில் ஒரு விளம்பரம் வைத்திருந்தார். எங்கோ பெரிய கம்பெனியில் ஓடிக் களைத்த சர்வர் பிராசசரை போர்டோடு சேர்த்து விற்கிறார்கள், பதினெட்டு கோர். கிட்டத்தட்ட அதே விலைக்கு நான் காட்டிய லேப்டாப்பில் எட்டுதான். கோர் என்றால் வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். நடவுக்குப் பதினெட்டுப் பேர் இறங்கினால் சீக்கிரம் கரையேறலாம். மடையைத் திறந்துவிட ஓர் ஆள் போதும், மற்றவர்கள் வரப்பில் நின்று வேடிக்கைதான் பார்ப்பார்கள். காட்சியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து வெட்டுவது மடை வேலை, அதற்கு ஒரு சுறுசுறுப்பான ஆள் வேண்டும். வெட்டியதையெல்லாம் சேர்த்து முழுப் படமாக வெளியே எடுப்பதுதான் நடவு. சர்வரில் ஆள் அதிகம், ஆளுக்கு ஆள் நிதானம். லேப்டாப்பில் ஆள் குறைவு, வேகம் அதிகம். பாஸ்கர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சரி, புரிந்துவிட்டது என்று நம்பி லேப்டாப் பெட்டியைப் பிரிக்கப் போனேன்.

“ஆடிப் பதினெட்டுக்குப் பதினெட்டு கோர் தானா அமைஞ்சு வருது. அதைப் போய் ஏன்க்கா தட்டிவிடணும்?” என்றார்.

படம் வராத பெட்டி

விளம்பரத்தில் வந்ததை வாங்கி, அவரே கேபினட்டில் மாட்டி, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து, பாசஞ்சர் ரயிலில் மடியில் தூக்கிக்கொண்டு மறுபடியும் வந்தார். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் இருட்டாகவே இருக்கிறது. போர்டு போய்விட்டது, ஏமாந்துவிட்டோம் என்று அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

ஒன்றும் போகவில்லை. லேப்டாப் பிராசசருக்குள்ளேயே படம் காட்டுகிற பகுதி உண்டு. சர்வர் பிராசசரில் பெரும்பாலும் அது இருக்காது; பூட்டிய அறையில் ஓடுகிற சாமானுக்கு எதற்கு? எங்கள் கடையில் சர்வீஸ் பார்க்கும் கலா இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.

“குடோன்லயே வேலை பாத்த ஆளுண்ணே இது. வாசலுக்கு வந்து நாலு பேருக்கு முகம் காட்டணும்னா தனியா ஒரு கார்டு போட்டாகணும்.”

தவிடு தின்ற லேப்டாப்

கலா கார்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது ஓர் அரிசி ஆலைக்காரர் லேப்டாப்போடு வந்தார். பேட்டரி உப்பி, கீபோர்டு முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. திறந்தால் உள்ளே அரைப் படி தவிடு. பில்லிங், கேமரா பதிவு என்று எல்லாவற்றையும் அதில் போட்டு, நிறுத்தவே நிறுத்தாமல், சாக்கு மூட்டை மேல் வைத்தே ஓட்டியிருக்கிறார். லேப்டாப் பிராசசர் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஓய்வில்லாமல் ஓடவென்றே செய்யப்பட்டது சர்வர்தான் என்று அவரிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற பாஸ்கரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தன் பிள்ளை முதல் மார்க் வாங்கியது போல!

ஆலைக்காரர்தான் நியாயம் கேட்டார்: “நெல்லு அவிக்கிற பாய்லருக்கே ஞாயித்துக்கிழமை லீவு விடுறேன். இதுக்கும் விடணும்னு விக்கும்போது யாருமே சொல்லலையே?”

ஃபேனா, கம்ப்யூட்டரா?

சில நாளில் பாஸ்கரிடமிருந்து போன். எடிட் செய்ய முடியவில்லை. மாப்பிள்ளை தாலியோடு கையைத் தூக்கினால் கை அந்தரத்தில் நிற்கிறது. கெட்டிமேளம் கொட்டி முடிந்த பிறகும் கழுத்துக்குப் போய்ச் சேரவில்லை. காரணம் அவருடைய புது கேமரா. அது படத்தை ரொம்பவும் சுருக்கிக் கட்டி வைக்கிறது. அந்தக் கட்டைச் சட்டென்று பிரிக்க இப்போதைய லேப்டாப் பிராசசர்களில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. பழைய சர்வர் பிராசசரில் கிடையாது, புதிதாக மாட்டிய கார்டுக்கும் அந்தக் கட்டு பழக்கமில்லை. பதினெட்டுப் பேரும் கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அது போதாதென்று மின்வெட்டு வேறு. லேப்டாப் என்றால் தன் பேட்டரியிலேயே தாக்குப்பிடிக்கும். இந்தப் பெட்டியோ, வீட்டு இன்வெர்ட்டர் மொத்தத்தையும் இழுத்து, அதுவும் போதாமல் அணைந்துவிடுகிறது. பாஸ்கர் பாதிப் பேச்சில் போனை மனைவி சுதாவிடம் கொடுத்துவிட்டார். அவர் புகார் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஃபேன் இல்லாம நான் இருந்துக்குவேன்க்கா. இவருதான் சரியா சாப்பிடுறதில்ல. திரும்ப லைட் பிடிக்கவே போயிடுறேன்னு சொல்றாரு. அதை மட்டும் வேண்டாம்னு நீங்க சொல்லுங்க” என்றார்.

ஒரே மேஜையில் இரண்டும்

பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடைக்கே வரச் சொன்னேன். என் பில்லிங் லேப்டாப்பைக் காலி செய்து கொடுத்துவிட்டு, நாங்கள் கையால் பில் எழுதினோம். அதில் கெட்டிமேளமும் மாப்பிள்ளையின் கையும் ஒழுங்காகச் சேர்ந்தே போயின. எடிட்டிங் மளமளவென்று முடிந்தது. ஆனால் முழுப் படத்தையும் வெளியே எடுக்கத் தொடங்கியதும் லேப்டாப் சூடேறித் தவழ ஆரம்பித்தது. மறுநாள் ஆடிப்பெருக்கு. பாஸ்கர் நகத்தைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அந்த வேலையை சர்வர் பெட்டிக்கு மாற்றி, கடையின் பெரிய யூபிஎஸ்ஸில் மாட்டினோம். கட்டைப் பிரிப்பதில் அது நிதானம்தான். ஆனால் இங்கே யாரும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. எல்லா ஆளும் ஒரேயடியாக வயலில் இறங்கினார்கள். நெல் தூற்றுகிற காற்றாடி போல இரைச்சல். நடுவில் கரண்ட் போனபோதும் நிற்கவில்லை. விளக்கு வைப்பதற்குள் படம் கைக்கு வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க ஒரு பில்லையும் சரியாகக் கூட்டாத கலா, பேனாவைக் கீழே போட்டாள்.

“சண்டை போட்ட சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒருவழியா சேந்து கல்யாணத்தை முடிச்சுட்டாங்கக்கா.”

ஆடிப்பெருக்கு

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆற்றில் கும்பிட்டுவிட்டு வந்து, தாலி பிரித்துக் கோர்த்து, சித்ரான்னம் சாப்பிட்டு முடிந்ததும் கூடத்தில் திரை கட்டினார்கள். பாஸ்கர் உட்காரவே இல்லை, கதவோரம் நின்றுகொண்டிருந்தார். தாலி கட்டும் காட்சி தடங்கலில்லாமல் ஓடியது. பெண்ணின் அம்மா அதை மறுபடி போடச் சொன்னார். போட்டார்கள். இன்னொரு தடவை கேட்டார். பாஸ்கருக்கு வேர்த்துவிட்டது, ஏதோ விட்டுப்போய்விட்டது என்றே நினைத்தார். மூன்றாம் முறை பார்த்து முடித்ததும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கிட்டே கூப்பிட்டார்.

“அன்னைக்கு மேடையில உன் முதுகைத்தான் தம்பி பாத்துக்கிட்டு நின்னேன். எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறுனதை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

அங்கேயே இரண்டு வீட்டார் ஆவணிக்குப் பேசினார்கள். பாஸ்கர் இனி யாருக்கும் லைட் பிடிக்க வேண்டியதில்லை.

தொழில் ரகசியம்

அடுத்த வாரம் கோடியக்கரைப் பக்கமிருந்து ஒரு வீடியோக்காரர் வந்தார். பாஸ்கரிடம் இருக்கிற அதே பதினெட்டு கோர்தான் வேண்டும் என்றார். அந்தப் படத்தில் பாதி வேலையைச் செய்தது இதோ இந்த லேப்டாப் என்று மேஜையில் இருந்ததைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு பெருந்தன்மையாகச் சிரித்தார்.

“பாஸ்கர் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருப்பாரு, பரவாயில்ல மேடம். நான் வெளியில விசாரிச்சுக்கிறேன்.”

இப்போதெல்லாம் சர்வரா லேப்டாப்பா என்று யார் கேட்டாலும், அதில் என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். அதற்குப் பதில் சொன்ன ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.