மாதா மாதம் ஏழாம் தேதி

அந்த ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் கேட்டாலும் துணியறை அக்காவைத் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் விழிப்பார்கள். கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத நீளமான அறை அவளுடையது. இரும்பு அலமாரிகளில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைக்கான பச்சைத் துணி. பத்தொன்பது வருஷமாக அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. ஒரு உறை குறைந்தாலும் மாடியேறிப் போய் மெத்தையைத் தூக்கிப் பார்ப்பாள். ஒரு துண்டுக்காகப் பெரிய டாக்டரையே வாசலில் நிற்கவைத்தவள் என்று ஒரு பேச்சு உண்டு. ஒன்றில்லை, இரண்டு துண்டு என்று அவளே திருத்துவாள்.

காலை ஏழு மணிக்கு வார்டு ஆட்கள் தள்ளுவண்டியோடு அங்கே வரிசை கட்டிவிடுவார்கள். அந்த நெரிசலில் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அந்த அறையில் முதலில் கையெழுத்து, பிறகுதான் எண்ணிக்கை. அவர்கள் துணிக் கணக்கு எழுதிக் கொண்டுவரும் நாற்பது சீட்டிலும் மளமளவென்று போட்டுத் தள்ளிவிட்டு, கூட்டம் ஓய்ந்ததும் டீயோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். தப்பு இருந்தால் சாயந்திரத்துக்குள் பிடித்துவிடலாம். துணி கட்டடத்தை விட்டு எங்கே போய்விடப்போகிறது?

மகளின் விடுதி விண்ணப்பத்துக்காக ஐந்து மாதக் கிரெடிட் கார்டு கணக்கை அச்செடுத்துக் கேட்டார்கள். அப்போதுதான் அவள் அந்தக் கணக்கை முதன்முதலாகத் தாளில் பார்த்தாள். கார்டுக்கான பணம் சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். இவள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரித் தலையணை உறைக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியைச் சொந்தக் காசுக்குக் காட்டியிருக்கலாம்.

தாளில் அந்த ஆறு மாடி டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பெயர் ஐந்து இடத்தில் இருந்தது. முதலாவது சரி, வாஷிங் மெஷின் வாங்கியது. மற்ற நான்கு? அதற்குப் பிறகு அவள் அந்தக் கடை வாசலைக்கூட மிதிக்கவில்லை. மாதத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அவளுடைய அரை நாள் சம்பளம். தேதியைப் பார்த்தாள். ஏழு, ஏழு, ஏழு, ஏழு.

ஏழாம் தேதி என்றதும் அவளுக்குக் கொழுந்தன் ஞாபகம்தான் வந்தது.

கொழுந்தன் அவர்கள் வீட்டில்தான் இருந்தான். கண்ணாடி பதிக்கிறவன். இரண்டாம் மாடி ஜன்னலில் கண்ணாடி மாட்டும்போது விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு ஏழு மாதமாக வேலை இல்லை. மாதா மாதம் ஏழாம் தேதி கையைக் காட்ட ஓர் எலும்பு முறிவு ஆஸ்பத்திரிக்குப் போவான். டாக்டருக்குக் கட்டச் சொல்லி ஒருமுறை கார்டை அவன் கையில் கொடுத்து, ரகசிய எண்ணையும் சொல்லியிருந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில்தான் கடை.

இரண்டு நாள் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள். மூன்றாம் நாள், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, புருஷன், மகள் எல்லோரும் கேட்கக் கேட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு அந்தக் கடைக்குள் போவாயா என்றுதான் ஆரம்பித்தாள். போவேன் என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். டாக்டர் வரத் தாமதமானால் அங்கே ஏசியில் கொஞ்ச நேரம் உட்காருவானாம். எதுவும் வாங்கினதில்லையாம்.

“நாலு மாசமா ஒரு கடைக்குப் போய் சும்மா உக்காந்துட்டு வர்றவனை நான் பாத்ததில்லப்பா,” என்றாள். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே தம்பி. எதுக்கு எடுக்கணும்?”

குரலை உயர்த்தாமல், பரிவாகத்தான் சொன்னாள். அதுதான் அவனைச் சுட்டது. அவன் எழுந்து ஒற்றைக் கையால் தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். கால் மணி நேரத்தில் பையோடு வெளியே போனான். மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழியில் தனியாக வேலை பார்ப்பதாலோ என்னவோ, பேச்சைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் எடுப்பார். அவர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“திருடுறவன் மாசாமாசம் ஒரே தொகைக்கா திருடுவான்? பைசாகூட மாறலையே. இது ஆள் பண்ற வேலை இல்ல. மெஷின் பண்ற வேலை.”

இதை அவள் பார்க்கவில்லை. தேதியை ஒப்பிட்டவள் தொகையை ஒப்பிடவில்லை. நாற்பது சீட்டில் ஒரு உறை குறைந்தால் கண்டுபிடிக்கிறவள்.

மறுநாள் பாதி நாள் லீவு போட்டாள். முதலில் பேங்குக்குப் போன் செய்தாள். ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு என்று ஒரு குரல் அலைக்கழித்தது. அப்புறம் இருபது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் வந்த பெண் அது கடைக்காரர் விஷயம் என்று கைகழுவினாள். நேரே கடைக்கே போனாள். வாடிக்கையாளர் சேவை என்பதைக் கடைக்காரர்கள் ஆறாவது மாடியில் வைத்திருந்தார்கள். காசு வாங்குகிற இடம் வாசலிலேயே இருந்தது. கேள்வி கேட்கிற இடத்துக்குப் பாத்திரம், பொம்மை, கட்டில், செருப்பு எல்லாவற்றையும் சுற்றிப் போகவேண்டியிருந்தது.

அங்கே டை கட்டின ஒருவன் அவள் கார்டு நம்பரைத் தட்டிவிட்டு, கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். வாஷிங் மெஷினுக்கான பாதுகாப்புத் திட்டமாம். மாதத் தவணையாம். கீழே கையெழுத்து.

அவளுடையதுதான். சந்தேகமே இல்லை. அந்தக் கடைசிச் சுழிகூடத் தேய்ந்துபோய், காலை வரிசையில் போடுகிற மாதிரியே இருந்தது. மெஷின் வாங்கிய அன்று கல்லாவில் இருந்த பெண் சின்னத் திரையை நீட்டி, இங்கே ஒன்று, இங்கே ஒன்று, இங்கே ஒன்று மேடம் என்றாள். பின்னால் கூட்டம். இவள் கை தானாகப் போட்டுவிட்டது. பிறகு உட்கார்ந்து சரிபார்க்க அங்கே சீட்டு ஏது? விவரம் எல்லாம் அவள் என்றைக்கும் திறக்காத ஈமெயிலுக்குப் போயிருந்தது.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் டை கட்டினவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“கையெழுத்து என்னோடதுதான், ஒத்துக்கறேன். என் ரூம்ல கையெழுத்து போட்டா ஒரு சாமான் கை மாறணும். நாலு மாசமா உங்ககிட்டேர்ந்து என் வீட்டுக்கு என்ன வந்துச்சு? சொல்லுங்க, எண்ணிப் பாப்போம்.”

“பாதுகாப்பு, மேடம்.”

“அது எத்தனை உருப்படி?”

மெஷின் ரிப்பேரானால் இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்று அவன் ஒப்பித்தான். முதல் வருஷம் ரிப்பேரானால் தயாரித்த கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்று மெஷினோடு வந்த அட்டையிலேயே இருக்கிறதே, அப்புறம் நீங்கள் எதைக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் ஆளுயரச் சலவை மெஷின் ஆறை மேய்க்கிறவள். அவளிடம் போய் அட்டைக் கதை பேசினால் எடுபடுமா? அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலதிகாரியைக் கூப்பிட்டான். மேலதிகாரி வந்து, திட்டத்தை நிறுத்துகிறோம், ஒரு மாதப் பணம் திருப்பித் தருகிறோம், மற்ற மூன்று மாதத்துக்குத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்றார். நிறுத்துவதற்கும் அதே சின்னத் திரையைத்தான் நீட்டினார்கள்.

அவள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். படிக்கட்டும் விடுங்கள், நானும் இதுக்குத்தான் வந்திருக்கிறேன் என்றார் ஒருவர். ஐந்தாவது பத்தியில், இனி எந்தப் பாக்கியும் கோரமாட்டேன் என்று இருந்தது. இதை அடித்துவிட்டுக் கொடுங்கள் என்றாள். திரையில் அடிக்க முடியாதாம். அப்படியானால் தாளில் அச்செடுங்கள் என்றாள். எடுத்தார்கள். அந்தப் பத்தியைத் தன் பேனாவாலேயே குறுக்கே அடித்து, மேலதிகாரியை ஓரத்தில் கையெழுத்துப் போடவைத்து, அதற்குப் பிறகுதான் தன்னுடையதைப் போட்டாள். பழைய கையெழுத்துக்கும் ஒரு நகல் வாங்கிக்கொண்டாள்.

கொழுந்தன் சைக்கிள் கடைக்கு மேலே கூட்டாளி ஒருவனின் அறையில் இருந்தான். படி செங்குத்து. ஏறினவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் பாயில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் கைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். நகலை அவன் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவன் கையெழுத்தைப் பார்த்தான். பந்தைக் கீழே வைக்கவில்லை.

“தப்பு என் மேலதான் தம்பி. வீட்டுக்கு வா.”

“அண்ணி, அன்னிக்கு எல்லாரையும் வெச்சுக்கிட்டுத்தானே சொன்னீங்க. இதை மட்டும் எதுக்குப் படியேறி வந்து தனியாச் சொல்றீங்க?”

அவன் கேட்டது நியாயம்தான். அன்றைக்குக் கொட்டினது ஒரு மேஜை நிறைய. திருப்பிக் கொண்டுவந்தது ஒரு கைப்பிடி. சாப்பாட்டு நேரத்துக்கு வா, எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்று இறங்கிப் போனாள்.

வருவானா என்று தெரியாமலே அவனுக்கும் தட்டு வைத்தாள். வந்தான், பை இல்லாமல். நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றான். அவளும் உட்காரவில்லை. அந்த நகலை மேஜை நடுவில் வைத்தாள்.

“நாலு மாசமா இந்த வீட்டுக் காசை வெளிய விட்டது நான்தான். படிக்காம கையெழுத்து போட்டேன். பழியை இவன் மேல போட்டேன். இவன் ஒரு காசு எடுக்கல.”

மகள் தாளை இழுத்துப் பார்த்தாள். “மூணு கையெழுத்தா? அம்மா, அவங்க நம்ம வீட்டையே எழுதிக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பே.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு புருஷன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் செய்தார். கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில்தான் வாயைத் திறந்தான். மீதி மூன்று மாதப் பணத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டான்.

“விடுவேனா? வராத சாமானுக்கு வாங்கின காசு அது. எழுதி, பதில் வரலைன்னா திரும்பவும் ஆறு மாடி ஏறுவேன். ஏழாம் தேதி நீயும் வா.”

“நான் எதுக்கு?”

“யாராவது அந்தச் சின்னத் திரையை நீட்டினா, என் கையைப் பிடிச்சுக்கோ.”

அவன் இடது கையால் தண்ணீரை எடுத்துக் குடித்தான். பையை நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான்.