தாங்கியை அணைத்தவன்

நம்பாதவர்களோடு சிற்றம்பலம் வாதாடியதில்லை. ஆனால் எத்தனை தரம் கேட்டாலும் அவர் சொன்ன நேரம் ஒரு நிமிடம்கூட மாறியதில்லை. 1963 புரட்டாதி, ஒரு வெள்ளிக்கிழமை. கிளிநொச்சி. பட்டப்பகல்.

விதைப்புக்கு முந்திய நாட்கள் அவை. வட்டக்கச்சி, அக்கராயன் பக்கத்து உழவு இயந்திரங்கள் உடைந்த கலப்பைகளோடு அவர் வேலை செய்த கராச் வாசலில் வரிசையாக நின்றன. வெல்டிங் வேலைக்கு இரண்டே பேர். ஒருவர் சிற்றம்பலம். மற்றவன், அவரிலும் பத்து வயது இளையவனான ஏரம்பு.

காஸ் தாங்கி மூலையில் நின்றது. ஆளுயர இரும்பு உருளை. உள்ளே தண்ணீரில் காபைட் கல் விழும், காஸ் எழும்பும், குழாய் வழியே சுவாலைக்கு வரும். அமுக்கம் காட்டும் முள் பதினைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மிஞ்சிய காஸை வெளியே விடுவதற்கென்று ஒரு வால்வு இருந்தது. வேலை சுறுக்காக முடியட்டும் என்று சிற்றம்பலம் அந்த வால்வைத் திறக்காதபடி கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

வியாழன் பின்னேரம் ஏரம்பு அதைக் கண்டுவிட்டான்.

"அண்ணை, இந்தக் காஸ் வெடிக்க நெருப்பும் வேண்டாம், காத்தும் வேண்டாம். சூட்டில வைச்சு நெருக்கினால் தானாப் பிரிஞ்சு கரியாப் போகும். போற போக்கில இரும்பையும் கிழிக்கும். கம்பியைக் கழட்டுங்கோ."

"ஓம், நாளைக்குக் கழட்டுறன்."

கழட்டவில்லை.

மறுநாள் ஏரம்பு வேலைக்கு வரவில்லை. அவன் வீடு அக்கராயனில். பஸ் தவறியிருக்கும் என்று சிற்றம்பலம் நினைத்தார். பன்னிரண்டு மணிக்கு மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவர் தனியே குந்தியிருந்து ஒரு கலப்பைக் கொழுவை ஒட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு பத்து. சுவாலை இரண்டு தரம் துடித்து நூர்ந்தது.

உள்ளிப்பூண்டு மணம் மூக்கில் ஏறியது. காபைட் காஸின் மணம்தான். ஆனால் இவ்வளவு கடுமையாக அவர் ஒருநாளும் முகர்ந்ததில்லை.

டொக்.

தாங்கிக்குள்ளிருந்து.

டொக்... டொக்...

திரும்பினார். தாங்கியின் முன்னால் ஏரம்பு முதுகு காட்டி நின்றான். சட்டை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நிலம் நனையவில்லை.

"எப்பயடா வந்தனீ?"

முள்ளைப் பார்த்தார். பதினெட்டு... இருபத்திரண்டு... உள்ளே தண்ணீர் வற்றி, கல் தணலாகிவிட்டது என்று விளங்கியது. தாங்கியின் பச்சைப் பூச்சு கொப்பளித்துக் கருகியது. கம்பியைக் கழட்ட எழும்பினார். சூடு கிட்ட விடவில்லை.

இருபத்தெட்டு...

ஏரம்பு இரண்டு கைகளையும் விரித்தான். தாங்கியைக் கட்டிப்பிடித்தான். நெஞ்சை இரும்போடு அழுத்தினான்.

ஸ்ஸ்ஸ்...

"போங்கோ அண்ணை."

குரல் அவனிடமிருந்து வரவில்லை. தாங்கிக்குள்ளிருந்து வந்தது.

ஓடினார்.

வாசல்...

தெரு...

பின்னால் ஒரு முழக்கம். பஞ்சு மூட்டைக்குள் வெடித்ததுபோல், அமுங்கி...

பிறகு ஒன்றுமில்லை.

கைமணிக்கூட்டில் பன்னிரண்டு பதினான்கு.

சாப்பிடப் போனவர்கள் வந்து அவரோடு உள்ளே நுழைந்தபோது தாங்கி நின்ற இடத்திலேயே நின்றது. முள் பூச்சியத்தில். ஏரம்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாங்கியை வெட்டித் திறந்தார்கள். உள்ளே சுவரெல்லாம் விரற்கடை மொத்தத்துக்குக் கரி.

"உள்ளுக்க வெடிச்சுத்தான் இருக்கு" என்றார் முதலாளி தில்லைநாதன். "இரும்பு ஏன் கிழியேல்லை எண்டுதான் விளங்கேல்லை."

ஏரம்புவின் செய்தி சிற்றம்பலத்துக்கு வெள்ளிக்கிழமையே வந்துவிட்டிருந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு, சைக்கிளில். விடியப்புறம் படுக்கையில் வைத்து ஏரம்புவை விரியன் பாம்பு கடித்தது. காலை ஒன்பதரைக்குச் சீவன் போய்விட்டது.

செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு அவர் அக்கராயனுக்குப் போனார். ஏரம்புவின் மனைவி விமலேஸ்வரி அவரைக் குசினிப் பக்கம் தனியே கூப்பிட்டாள்.

"குளிப்பாட்டேக்க அவரின்ரை மேலில ஒரு காயமும் இல்லை, அண்ணை. நான்தான் துடைச்சனான். பன்னிரண்டேகாலுக்கு வேட்டி உடுத்தப் போன ஆக்கள் என்னைக் கூப்பிட்டினம். போய்ப் பாத்தன். நெஞ்சும் ரண்டு கையும் வெந்து, தோல் உரிஞ்சு கிடந்தது."

கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் அவர் போயிருந்தார். சொல்லவில்லை. கடைசிவரை அவளுக்குச் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாய்க்கட்டு அறுந்து வாய் திறந்து கிடந்தது. கத்தின மாதிரி."

பிறகு அவள் கேட்டாள்:

"செத்த ஆக்களுக்கும் நோகுமோ, அண்ணை?"