மலர்க்கொடி கட்டிய வரிசை

மலர்க்கொடியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று விட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்க வூட்டுல காலையில யாரு மொதல்ல எந்திரிப்பாங்க?" என்பதுதான். சம்பளம் கேட்கவில்லை, நிலபுலன் கேட்கவில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் சரத்குமார் கொஞ்சம் முழித்துவிட்டு, "நான்தாங்க. எந்திரிச்சு டீ போடுவேன்" என்றிருக்கிறார். அந்த இடத்திலேயே அவளுக்குச் சம்மதம். இதை அவளே எங்கள் ஆபீசில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் கேள்வி, ஓட்டலில் உட்கார்ந்தால் பரோட்டா போடுகிறவரிடம் கேள்வி. செந்துறைக்காரர்கள் எல்லோருமே இப்படியா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "நீங்க எத்தன செந்துறைக்காரங்களப் பாத்திருக்கீங்கண்ணே?" என்று அதற்கும் ஒரு கேள்வி வந்தது.

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். முதலாளி ஜாவித், லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருடம் அடுத்தவன் கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவிட்டு, இனி நம்ம ஊர்ப் பக்கத்திலேயே இருப்போம் என்று வந்தவர். தொழில் செய்கிறவர்களுக்கு கிளவுடில் மென்பொருள் செய்து தருவோம், தனியாக கம்ப்யூட்டர்கூட வாங்க வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும் என்பது அவர் பேச்சு. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது மலர்க்கொடி வேலை. அதை எழுதுவது என் வேலை. எங்கள் இருவரையும் பொறுத்துக்கொள்வது ஜாவித் வேலை.

மலர்க்கொடி அதற்கு முன்னால் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தாள். வெள்ளிக்கிழமை ரயில் ஏறி வருவாள், ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவாள். ஞாயிறு மதியம் ஆனதும் அவள் மகள் வந்து நீல நிறப் பயணப் பையின் மேல் உட்கார்ந்துகொள்ளுமாம். எழுந்திருக்காதாம். தூக்கி இறக்கிவிட்டுத்தான் பையை எடுக்க வேண்டுமாம். எங்கள் ஆபீசில் வேலை கிடைத்ததும் ஊரோடு வந்துவிட்டாள். ஆனாலும் அந்தப் பையை மட்டும் அவள் பிரிக்கவில்லை. பாதித் துணியோடு பரணில் கிடந்தது. "இந்த ஆபீஸ் ஒரு நெலைக்கு வரட்டும், அப்பறம் எறக்குறேன்" என்றாள்.

ஆபீஸ் நிலைக்கு வருவது காசிநாதன் கையில் இருந்தது. அவருக்கு டிப்பர் லாரிகள் ஓடுகின்றன. சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சிமெண்ட் ஆலைக்குக் கொண்டுபோகும் வண்டிகள். அவர் ஷெட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும். சுரங்கத்தில் இடம் காலியாகக் காலியாக ஒவ்வொன்றாகப் போய் லோடு ஏற்றும். டிரைவர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. வரிசை சீக்கிரம் வந்தால் அன்றைக்கு ஒரு நடை கூடும்.

கணக்கு, பில், டீசல், டயர் என்று மொத்தத் தொழிலையும் மென்பொருளில் ஏற்றித் தருவதாக ஜாவித் சொல்லி முடித்ததும் காசிநாதன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"தம்பி, எல்லாத்தையும் ஒண்ணா கொண்டாந்து கொட்டாதீங்க. மொதல்ல ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். எங்காளுங்க அதத் தொட்டாங்கன்னா மத்ததப் பேசுவோம். தொடலன்னா டீயக் குடிச்சுட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

அவர் கிளப்பிவிட்டால் ஜாவித் மறுபடி துபாய்தான். மலர்க்கொடியின் பழைய கம்பெனி, மாதக் கடைசி வரை அவள் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. பரணில் இருக்கும் பை தானாக இறங்கிவிடும்.

அந்த ஒன்றே ஒன்று எது என்பதில்தான் சண்டை தொடங்கியது. ஜாவித்துக்கு மேப் வேண்டும். எந்த லாரி எங்கே போகிறது என்று முதலாளி போனில் புள்ளி புள்ளியாக நகர வேண்டும், பார்த்தவுடன் மனிதர் மயங்கிவிட வேண்டும். நான் அஸ்திவாரம் என்றேன். யார் உள்ளே வரலாம், யார் எதைப் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டால் பிறகு எதை வேண்டுமானாலும் மேலே கட்டலாம். அஸ்திவாரம் போடாமல் எவனாவது மாடி கட்டுவானா என்று கேட்டேன். சரியாகத்தான் கேட்டேன்.

"அஸ்திவாரத்த யாருண்ணே தொட்டுப் பாப்பாங்க?" என்றாள் மலர்க்கொடி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அவள் அதன்பின் ஆபீசுக்கே வரவில்லை. நேராகக் காசிநாதன் ஷெட்டுக்குப் போய், அங்கே போன் எடுக்கும் அம்பிகாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். டீ குடித்தாள். வருகிற டிரைவர்களிடம் கதை கேட்டாள். மாதம் பாதியாகக் கரைந்துகொண்டிருக்கும்போது ஒருத்தி கூலி வாங்கிக்கொண்டு டீ குடிக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் மதியம் படியேறி வந்து சொன்னாள்.

"அங்க நாள் பூரா ஒரே கேள்விதாண்ணே. போன எடுத்தா, 'அம்பிகா, நான் எத்தனாவது?' பக்கத்துலயே வூடு இருக்கு, ஆனா வரிச போயிருமோன்னு பயந்துகிட்டு லாரிக்கு அடியிலேயே படுத்துக் கெடக்குறாங்க. அத மட்டும் சொல்லுவோம். வேற ஒண்ணும் வேணாம்."

"இவ்ளோ சின்னதாவாம்மா?" என்றார் ஜாவித். மேப் அவர் கண்ணைவிட்டுப் போவது தெரிந்தது. பிறகு, "இன்ஷா அல்லா, அதையே செய்ங்க" என்றார்.

செய்தேன். டிரைவர் வாட்ஸ்அப்பில் வண்டி எண்ணை அனுப்பினால், அவருக்கு முன்னால் எத்தனை வண்டி என்று பதில் போகும். முறை வந்ததும், 'அடுத்து உங்கள் வண்டி' என்று தானாகச் செய்தி போகும். ஓடவிட்ட அன்று காலையில் ஷெட்டே திருவிழா மாதிரி இருந்தது. வரிசை மாறியதோ இல்லையோ, ஆளாளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக்கூட வந்தார்கள். போன் செத்துப்போச்சா என்று அம்பிகா எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

மதியம், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வரிசையில் மூன்றாவதாக நின்ற இளவரசன் என்ற டிரைவர், அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று திருமழபாடிக்குப் போய்விட்டிருந்தார். போகும்போது தன் இடத்தை, வெகு பின்னால் நின்ற ஜெயசீலனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இது எங்கள் மென்பொருளுக்குத் தெரியாது. அது இளவரசனைக் கூப்பிட்டுப் பார்த்தது, ஆள் வரவில்லை, அடுத்து நின்ற கொளஞ்சிக்குச் செய்தி அனுப்பிவிட்டது. கொளஞ்சி வண்டியை எடுத்தார். ஜெயசீலனும் எடுத்தார். ஷெட் வாசலில் இரண்டு டிப்பரும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. கொளஞ்சி போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கத்தினார். ஜெயசீலன் இளவரசன் சொன்ன சொல்லைச் சொல்லிக் கத்தினார். பின்னால் ஒரு வண்டியும் நகர முடியவில்லை.

காசிநாதன் கத்தவில்லை. எங்களிடம் வந்து, "நீங்க வரதுக்கு முன்னாடி இங்க இதுக்குச் சண்டை வந்ததில்ல" என்று மட்டும் சொன்னார். நான் கூனிக் குறுகிப்போனேன்.

மலர்க்கொடி நேராக இரண்டு டிரைவர்களிடமும் போனாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் பஸ் கண்டக்டரைக் கேள்வி கேட்கும் அதே ஆவல் இருந்தது.

"அண்ணே, அவரு எடத்த நீங்க வாங்கிக்கிட்டா உங்க எடம் யாருக்குப் போவும்?"

"அவனுக்குத்தான். வந்தான்னா என் எடத்துல நிப்பான்" என்றார் ஜெயசீலன்.

"அப்ப அவசரம்னா யாரு வேணா யாருகிட்ட வேணா கேட்டு மாத்திக்கலாமா?"

அதுவரை ஒருவரை ஒருவர் அடிக்கப் போன இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"கேக்கக் கூடாதும்மா" என்றார் கொளஞ்சி. "குடுக்கலாம். கேக்கக் கூடாது. கேட்டா, மாட்டேன்னு எப்புடிச் சொல்லுறது? அப்பறம் ஒரே ஷெட்டுல மூஞ்சியப் பாத்துகிட்டு எப்புடி நிக்கிறது?"

காசிநாதனிடம் கெஞ்சி, மாதக் கடைசி வரை என்ற அவர் பேச்சையே பிடித்துக்கொண்டு, ஜாவித் மிச்ச நாட்களை வாங்கினார். நான் உடனே உட்கார்ந்து இடம் மாற்றும் ஏற்பாட்டைச் செய்தேன். உலகத்தில் எல்லா மென்பொருளிலும் இருக்கிற மாதிரி, ஒருவர் கேட்பார், மற்றவர் சம்மதிப்பார். என்ன காரணம் என்று எழுத ஒரு கட்டமும் வைத்தேன். அழகாக வந்திருந்தது. மலர்க்கொடி பார்த்துவிட்டு, "கேக்குறத எடுத்துடுங்க. குடுக்குறது மட்டும் இருக்கட்டும். காரணமும் வேணாம்" என்றாள். எத்தனை வேலை வீண் என்று கணக்குச் சொல்லிச் சண்டை போட்டேன். கடைசியில் எடுத்தேன். இப்போது டிரைவர், யாருக்குக் கொடுக்கிறோம் என்று அந்த வண்டி எண்ணை அனுப்பினால் போதும். இடம் மாறிவிடும், இரண்டு பேருக்கும் செய்தி போய்விடும்.

அதை ஓடவிட்ட பிறகு யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. வரிசையைப் பார்த்தார்கள், சாப்பிடப் போனார்கள், வந்தார்கள். கொடுக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. காசிநாதன் சொன்னார்: "பாக்குறாங்க, சரி. கைமாறுறப்ப மறுபடி மூக்கு முட்டுமா முட்டாதான்னு எனக்குத் தெரியணும்ல? தெரியாம இந்தச் சனியன வச்சுகிட்டு நான் என்ன செய்யுறது?"

மாதத்தின் கடைசி நாள் ஜாவித் பொறுக்க முடியாமல் கேட்டார். "யாராச்சும் ஒருத்தர்ட்ட சொல்லி, சும்மா மாத்திக் காட்டச் சொல்லலாமேம்மா."

"கேக்கக் கூடாதுண்ணே" என்றாள் மலர்க்கொடி.

சொல்லிவிட்டாளே தவிர, லேப்டாப்பைத் திறந்து திறந்து பார்த்தாள். அன்று காலையில் மகள் பரணைப் பார்த்து, "அம்மா, அந்தப் பை எறங்குமா?" என்று கேட்டிருக்கிறது. ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிறவளுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். எனக்கு அவள்மேல் அதுவரை இருந்த எரிச்சல் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஷெட்டில் நாங்கள் மூன்று பேரும் காசிநாதனும் அம்பிகாவின் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி வாக்கில் மலர்க்கொடியின் லேப்டாப்பில் ஒரு வரி வந்தது. அடுத்துப் போக வேண்டிய கொளஞ்சி, தன் இடத்தை இளவரசனுக்குக் கொடுத்திருந்தார். எல்லோரும் வாசலைப் பார்த்தோம். இளவரசன் தன் போனைப் பார்த்தார், வண்டியை எடுத்தார், போய்விட்டார். ஒருவரும் குறுக்கே வரவில்லை. ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை.

கொளஞ்சிக்கு வீட்டில் என்ன அவசரமோ என்று நினைத்தேன். அவர் எங்கும் போகவில்லை. லாரியிலிருந்து இறங்கி, எதிரே இருந்த டீக்கடையில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். அன்றைக்கு அவருக்கு ஒரு நடை போச்சு.

"ஏன் குடுத்தாருன்னு போய்க் கேளேன்" என்றேன் மலர்க்கொடியிடம்.

அவள் கொளஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை.

காசிநாதன் லேப்டாப்பில் இருந்த அந்த ஒரு வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். வாசலைப் பார்த்தார். டீக்கடையைப் பார்த்தார்.

"சரி, அடுத்தது என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

திங்கட்கிழமை மலர்க்கொடி அந்த நீலப் பையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் படியேறி வந்தாள். எனக்குப் பகீரென்றது. பையை என் மேசைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள். உள்ளே முழுக்கச் செந்துறை முந்திரிக்கொட்டை.

"நீங்களும் ஜாவித்தண்ணனும் ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்கண்ணே" என்றாள். "பைய மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. எம்பொண்ணு அதுல வெளையாட்டுச் சாமான் போட்டு வக்கணுமாம்."