அட்டை இல்லை, நத்தை

அது அட்டை இல்லை. ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்று சொன்னேன். இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அது நத்தை. முதுகில் ஓடு இல்லை என்பதற்காக ஒரு நத்தையை நத்தை இல்லை என்று சொல்ல இவர்கள் யார்?

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் ஒன்று உண்டு. துவைத்த தண்ணீரைக் குடித்து ஒரு வாழை வளர்ந்தது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஐப்பசியில் நாலு தூறல் விழுந்ததும் அந்தக் கல்லுக்கு அடியிலிருந்தும் வாழைச் சருகுக்குள்ளிருந்தும் அவை மெல்ல வெளியே வரும். விரல் நீளம், தட்டையான உடம்பு, கறுப்பும் பழுப்பும் கலந்த தோல், நடுமுதுகில் தலை முதல் வால் வரை வெளிறிய ஒரு கோடு. அம்மாவின் கண்ணில் பட்டால் போதும், "அய்யோ அட்டை!" என்று அலறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி ஒரு கை கல் உப்போடு வருவாள். உப்பு பட்டதும் அது சுருண்டு, நுரை தள்ளி, கொழகொழவென்று கரைந்துபோகும். எனக்குச் சோறு இறங்காது.

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். நான் நச்சரித்ததில் மாமா தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அது லேவிகாலிஸ் என்கிற பேரினம் என்றார். அட்டை மண்புழுவுக்குச் சொந்தம், வளைதசைப் புழு. இது மெல்லுடலி. அதிலும் வயிற்றுக்காலி என்ற வகுப்பு, அதாவது வயிற்றையே காலாக வைத்து நடக்கிற கூட்டம். ஓட்டு நத்தையும் அதே வகுப்புதான். ரத்தம் குடிக்காது, இலையைத் தின்னும். பாதம் குறுகலாக இருப்பதால் உடம்பின் ஈரம் சீக்கிரம் காயாதாம். அதனால்தான் எங்கள் ஊரிலும் பிழைத்துக் கிடக்கிறது. அவை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக ஒரே உடம்பில் இருக்கும் என்ற இடம் வந்ததும் மாமா முகம் சிவந்து பக்கத்தைத் தள்ளிவிட்டார்.

இத்தனையையும் மாமா கதவுக்கு உள்ளே நின்றுதான் சொன்னார். தொடச் சொன்னால் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். நான்தான் ஈர மண்ணில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தலையில் இரண்டு ஜோடிக் கொம்புகள். மேல் ஜோடியின் நுனியில் கடுகு போலக் கண்கள். கீழ் ஜோடி பிளவுபட்டு இருக்கும், அதை வைத்துத் தரையை மோந்துகொண்டே போகும். மூச்சு விடுகிற துளையோ பின்பக்கம் வாலடியில் இருக்கிறதாம். பிறகு நான் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன், அந்த அளவுக்கு அறிவு எனக்கும் இருந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் என் இடது கையில் பாலுண்ணி முளைத்தது. ஒன்று இரண்டாகி, புறங்கை முழுக்கப் பரவியது. அம்மாவுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது.

"அந்த அட்ட ஊர்ந்த கல்லுல கைய வைக்காத, வைக்காதன்னு அம்புட்டுச் சொன்னேன், கேட்டியாடி?"

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பாலுண்ணி வந்தால் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொள்வார்கள். உப்புக் கரைகிற மாதிரி உண்ணியும் கரையும் என்று நம்பிக்கை. அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். அதோடு நின்றாளா? அங்கே கொட்டியிருந்த உப்பில் ஒரு கைப்பிடியை முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாள். சாதா உப்புக்கே சாகிறது, கோயில் உப்பு என்றால் வம்சமே இருக்காது என்பது அவள் கணக்கு. அந்தோணியாரை இந்தக் கொலைக்குக் கூட்டுச் சேர்க்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் கல்லறைக்குப் பூப் போட்டு மெழுகுவத்தி ஏற்ற, செம்பட்டியிலிருந்து அத்தை குடும்பம் காலையிலேயே வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, சாப்பிட்டு முடித்ததும் பின்பக்கம் முழுக்க அந்த உப்பைத் தூவப்போவதாக அம்மா சொன்னாள். நான் மாமாவைப் பார்த்தேன்.

"மாமாவக் கேளும்மா. அது அட்டையே இல்ல."

அம்மா கறிக்கரண்டியோடு மாமாவின் இலைக்கு முன்னால் நின்றாள். "என்னப்பா சொல்றா இவ?"

மாமா என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். "அட்ட மாதிரிதான்க்கா" என்றார்.

ஒரு துண்டுக் கறிக்காக வகைப்பாட்டியலையே விற்ற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுந்து நேராகப் பின்பக்கம் போனேன். சருகைத் தள்ளி, இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்து, ஒரு உண்ணிகூட இல்லாத வலது கையில் விட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அத்தை இலையை விட்டு எழுந்து நாற்காலியில் ஏறிவிட்டாள். அது என் மணிக்கட்டில் கொம்பை நீட்டி, சாவகாசமாக முழங்கையைப் பார்த்து நடந்தது.

"இந்தக் கையில ஒரே ஒரு உண்ணி மொளச்சாலும் நானே உப்பக் கொட்டுறேன். மொளைக்கலன்னா இனி யாரும் கொட்டக் கூடாது" என்றேன்.

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "கீழ விடுடி, ஒன் இஷ்டம்போல ஆகட்டும், கீழ விடு" என்றாள். முதுகில் விழுந்த அடி அதற்குப் பிறகுதான்.

கிறிஸ்துமஸ் வந்தபோது என் வலது கை அப்படியே வழுவழுவென்று இருந்தது. வேடிக்கை என்னவென்றால், இடது கையிலிருந்த உண்ணிகளும் உதிர்ந்திருந்தன. பாலுண்ணி தானாக வரும், தானாகப் போகும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அம்மா, "அந்தோணியாரு உப்புதான் ரெண்டு கையையும் காப்பாத்திருக்கு, இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வாரேன்" என்று கிளம்பினாள். பேசிய பேச்சைக் காற்றில் விடுகிறாளே என்று எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"உப்பும் இல்ல, மிளகும் இல்ல. அது ஊர்ந்ததுலதான் எனக்குச் சரியாச்சு!" என்று கத்தினேன்.

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் அவற்றின் மேல் உப்புப் போடவில்லை. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். மாமாவிடம் போய், புத்தகம் படித்த உங்களால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்றுகூடச் சொன்னேன்.

கோடை மழை பெய்த ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்பக்கம் போனேன். அம்மா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதும் இழுத்துப் போர்த்தியிருக்கும் முந்தானை விலகியிருந்தது. அவள் கழுத்தடியில் கொத்தாகப் பாலுண்ணிகள் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவற்றின் மேல் அது ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. உதடுகள் மட்டும் மாதா செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன.

நான் கைதட்டிச் சிரித்தேன். "பாத்தியாம்மா, அட்டையா இருந்தா இந்நேரம் கடிச்சிருக்கும்ல?"

"சிரிக்காதடி. எம்புட்டு நேரம் வைக்கணும், அதச் சொல்லு" என்றாள் அம்மா கண்ணைத் திறக்காமலே.

மெல்லுடலி, வயிற்றுக்காலி எல்லாவற்றையும் அம்மாவுக்குப் புரியவைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அவளைப் பொறுத்தவரை அது அப்போதும் அட்டைதான் என்பதும், உலகத்திலேயே அவள் மிகவும் பயந்த பிராணியைக் கழுத்தில் எடுத்து விட்டுக்கொள்ள, மகள் கோபத்தில் கத்திய ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.

"இன்னும் செத்த நேரம்" என்றேன், பெரிய டாக்டர் போல. அம்மா தலையை ஆட்டிவிட்டு, நடுங்கிக்கொண்டே அப்படியே உட்கார்ந்திருந்தாள்.