மூன்றாவது ஆல்பத்துக்கு விழுந்த ஒரே ஓட்டு

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் ரசிகர் கூட்டத்தில் 'ஒத்தை ஓட்டு' என்று பெயர். வைத்தது நான்தான். இந்த வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று அக்கா சின்ன வயசிலிருந்தே சொல்லி வருகிறாள். பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் ஏச்சை வாங்கியவன், ஞாயிற்றுக்கிழமையாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

கூட்டம் என்றால் ஒன்பது பேர். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் ஒரு தையல்கடைக்கு மேலே இருக்கும் அறையில் கூடுவோம். தையல்கடைக்காரரும் எங்களில் ஒருவர். வெட்டின துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய ஸ்பீக்கர் இரண்டை மேஜைமேல் ஏற்றினால் அதுதான் எங்கள் சங்கம். எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு ராக் குழு. ஐந்து பேர் இருபது வருஷம் ஒன்றாக வாசித்துவிட்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாத அளவுக்குச் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் தனியாக மூன்று ஆல்பம் போட்டார். ஆள் மேடையில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம், அதனால் எங்களுக்கு அவர் நெட்டையன்.

குழுவின் பாட்டுகளைப் பற்றி எங்களுக்குள் பேச்சே கிடையாது, அதெல்லாம் தீர்ப்பு சொல்லி முடிந்த வழக்கு. அடிதடி எல்லாம் நெட்டையனின் மூன்று தனி ஆல்பங்களைப் பற்றித்தான். முதல் ஆல்பத்தில் பாட்டுக்காரன் இல்லாமல் கிட்டார் மட்டும் வாசிப்பது, ஆள் இல்லாத வீட்டில் டிவி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்பார் மருந்துக்கடைக்காரம்மா. இரண்டாவதைக் கேட்டால் தையல்கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அது தூங்கப்போகிறவனுக்குப் போட்ட ஆல்பம் என்று நான் சொல்வேன், அவர் கத்தரிக்கோலைத் தேடுவார். மூன்றாவதைப் பற்றி மட்டும் எங்களுக்குள் அபார ஒற்றுமை. தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம். பல் கூசும். இரண்டாவது பாட்டிலேயே யாராவது எழுந்து நிறுத்திவிடுவார்கள்.

வருஷக் கடைசியில் சீட்டு எழுதிப் போட்டு, எது சிறந்த தனி ஆல்பம் என்று ஓட்டு எடுப்போம். மூன்றாவது வெளிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வருஷமும் அதற்கு ஒரே ஓட்டு. அது அத்தானுடையது.

அத்தான் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். இரும்புத் தகட்டை வளைத்து, விளிம்பைச் சம்மட்டியால் தட்டி மடக்க வேண்டும். தொட்டிக்குள் ஒருவர் இறங்கித் தாங்கு கட்டையைப் பிடித்துக்கொள்ள, வெளியிலிருந்து இன்னொருவர் அடிப்பார். உள்ளே இறங்குவதற்கு ஒல்லியான ஆள் வேண்டும், அத்தான் ஒல்லி. முப்பத்தாறு வருஷம் அந்தத் தொட்டிகளுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்தில் காதுக்குப் பஞ்சு வைத்தாராம். பஞ்சு வைத்தால் வெளியே இருப்பவன் 'கையை எடு' என்று கத்துவது கேட்காமல் விரல் போய்விடும் என்று அதையும் விட்டுவிட்டார்.

அதிகம் பேசாத மனுஷன். ஆனால் மூன்றாவது ஆல்பத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாக்கு அவிழ்ந்துவிடும். அதில்தான் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்பார். தந்திமேல் விரல் நகர்கிற சத்தம்கூடக் கேட்கிறது, கடைசிப் பாட்டில் சின்னச் சின்னதாக மணி மாதிரி ஒன்று வருகிறது, அதற்காகவே உயிரோடு இருக்கலாம் என்பார். குழுவின் பழைய பாட்டுகளைப் போட்டால், இதெல்லாம் முன்னே நன்றாக இருந்தது, இப்போது கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிட்டது என்று சொல்வார். எங்களுக்கு ஆத்திரமாக வரும். பாட்டு எப்படி மாறும்? அவர் ஸ்பீக்கரை மாற்றினார், ஒயரை மாற்றினார், மூன்று தடவை ஹெட்ஃபோன் மாற்றினார். வீம்புக்குச் செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஊரோடு ஒத்துப்போகக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஆள் என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

இந்த வருஷம் ஒரு ஞாயிறன்று தையல்கடைக்காரர் நெட்டையனின் பேட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினார். கிழவராகிவிட்டார் நெட்டையன். பேட்டியில், மூன்றாவது ஆல்பம் போடுவதற்கு முன்பே தன் காது போய்விட்டது என்றார். மெல்லிய, உச்சத்தில் வரும் சத்தங்கள் ஒன்றுமே கேட்கவில்லையாம். யாரிடமும் சொல்லவில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் சரிசெய்து தருகிறோம் என்று வந்ததற்கு அவர்களைத் துரத்திவிட்டுத் தானே உட்கார்ந்து, தன் காதுக்குக் கேட்கிற வரை அந்தச் சத்தங்களைத் தூக்கித் தூக்கி வைத்தாராம். "எனக்கு எப்படிக் கேட்டதோ அப்படித்தான் செய்தேன், எனக்கு அது அழகாக இருந்தது" என்றார்.

அறையில் ஒரே கும்மாளம். பன்னிரண்டு வருஷ வழக்குக்குச் சாட்சி கிடைத்துவிட்டது அல்லவா. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தான், நெட்டையன் என்ன சொன்னார் என்று கேட்டார். அப்புறம் சொல்கிறோம் என்று யாரோ கையைக் காட்டினார்கள். நான் அன்றைக்கே எங்கள் கூட்டத்தின் வாட்ஸ்அப்பில் பேட்டியை முழுக்க எழுதிப் போட்டு, கீழே இப்படி முடித்தேன்: 'செவிடன் செய்த ஆல்பத்தைச் செவிடன்தான் ரசிப்பான். இனியாவது நம் ஒத்தை ஓட்டு கட்சி மாறுவாரா?'

எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த மாதம் அத்தான் கூட்டத்துக்கு வரவில்லை. முட்டி வலி என்றார். அதற்கடுத்த மாதமும் முட்டி வலி.

இதற்கிடையில் அவருடைய மகள் எனக்கு போன் செய்து அழுதாள். அவள் வெளியூரில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு போன் போடுவாள். அப்பா எடுத்தால் 'சரி சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்' என்று இரண்டே வார்த்தை. குழந்தை முதல் தடவையாக 'தாத்தா' என்று சொன்ன அன்றைக்கும் அதே 'சரி சரி'தானாம்.

"அப்பாவுக்கு என்கிட்ட பேசவே பிடிக்கலையா மாமா? நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேட்டுச் சொல்லுங்க. குழந்தை சொன்னதுக்குக்கூட ஒரு சந்தோஷம் இல்லையே."

அக்காவிடம் விசாரித்தேன். அவளுக்கு வேறு புகார். பத்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புகிறார், சத்தமாகக் கூப்பிட்டால் ஏன் கத்துகிறாய் என்று எரிந்து விழுகிறார், வயசாக ஆகத் திமிர் ஏறுகிறது என்றாள். அக்கா பேசப் பேச நான் எழுதிய அந்த வரி கண்முன் வந்து நின்றது. சே, அப்படி இருக்காது என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு அத்தானைக் காது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மகள் அழுததைச் சொன்னதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அங்கே கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை, அலமாரி அளவுதான் இருக்கும். அத்தானை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். வெளியே சோதனை செய்கிற பெண்ணின் பக்கத்தில் நான் நின்றேன். முதலில் அத்தான் டக் டக்கென்று அழுத்தினார். பிறகு நின்றுவிட்டது. அந்தப் பெண் ஒவ்வொரு சத்தமாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். உள்ளே அத்தான் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். பாதி வரை நேராகப் போய், அப்புறம் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியது. ஆண் குரல் ஓரளவு கேட்கும், பெண் குரல் மங்கும், போனில் இன்னும் மோசம், குழந்தை பேசுவது ஏறக்குறையக் கேட்கவே கேட்காது என்றாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். பதினைந்து வருஷத்துக்குக் குறையாது, பட்டறைக் காது எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்றாள்.

எனக்குக் கணக்கு சட்டென்று விளங்கிவிட்டது. நெட்டையன் தன் கெட்டுப்போன காதுக்குச் சரியாக இருக்கும்படி அந்த ஆல்பத்தைச் செய்திருக்கிறான். நல்ல காதுக்கு அது ஊசி. அதே மாதிரி கெட்டுப்போன இன்னொரு காதுக்கு, எதுவும் குறையாத முழுப் பாட்டு. பன்னிரண்டு வருஷம் அத்தான் வீம்புக்கு ஓட்டு போடவில்லை, தனக்குக் கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறார். படியிறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதினதை மன்னிச்சிடுங்க என்றேன். காதருகே சத்தமாகத்தான் சொன்னேன்.

"அதப் படிச்ச அன்னைக்கே எனக்கு விளங்கிடுச்சு மாப்ள. உன்மேல கோவமில்ல. வெளியில சொன்னா அந்த ஆல்பமும் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

அவர் சொன்னதன் பொருள் அப்போது எனக்கு முழுசாக உறைக்கவில்லை. இரண்டு வாரத்தில் காது மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் பீன்ஸ் விதை மாதிரி ஒன்று, அதிலிருந்து மெல்லிய குழாய். மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் அத்தான் திடுக்கிட்டு நின்றார். சட்டைப்பையில் இருந்த காகிதம் நடக்கும்போது சரசரக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். அக்கா தண்ணீர் வீணாகிறது என்று திட்டினாள். அந்தத் திட்டையும் முழுசாகக் கேட்டு ரசித்தார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். அத்தான் போனைக் கீழே வைக்கவே இல்லை. குழந்தை ஏதோ மழலையில் உளறியது. அவரும் பதிலுக்கு உளறினார். அரை மணி நேரம் பேசிவிட்டு, உன் குரல் இப்படி இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தேன் கண்ணு என்று சொல்லி உடைந்து அழுதார். அந்தப் பக்கம் அவளும் அழுதாள். அக்கா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன். என் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று மதியமே அத்தான் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது, அதில் கடைசிப் பாட்டு. எனக்கு வழக்கம்போலப் பல் கூசியது. அவர் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, யாரோ அடிக்கப்போவது போலத் தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். மணி மாதிரி வருகிறது என்பாரே, அந்த இடம் வந்தபோது அவர் முகம் சுளித்தது. ஆனால் நிறுத்தவில்லை. மரியாதைக்காக உட்கார்ந்திருப்பவர் மாதிரி கடைசி வரை கேட்டார்.

பாட்டு முடிந்த பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கல்லாம் சொன்னதுதான் சரி மாப்ள. காது கொண்டு கேக்க முடியல."

பன்னிரண்டு வருஷமாக இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கத்தான் நான் மல்லுக்கட்டினேன். வந்தபோது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. மெஷினைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள் என்றேன். உங்கள் பாட்டை உங்கள் காதாலேயே கேளுங்கள், யார் வேண்டாம் என்றது, அதையும் இதையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

கேட்டுப் பார்த்தாராம், நாலு நாளாக. கழற்றினால் பாட்டு அப்படியேதான் இருக்கிறதாம். விரல் நகர்வது கேட்கிறது, மணியும் கேட்கிறது. ஆனால் இப்போது அது தன் காதின் கோளாறு என்று தெரிந்துபோய்விட்டது, தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள முடியவில்லை என்றார். அது மட்டுமில்லை, கழற்றி வைத்திருக்கிற நேரத்தில் பிள்ளை போன் செய்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறதாம். அதனால் இனிமேல் கழற்றுவதாக இல்லை என்றார்.

கூட்டத்துக்கு நேரமாகிறது, வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஆல்பத்தின் அட்டையை எடுத்து, அதிலிருந்த நெட்டையனின் படத்தைத் துடைத்தார்.

"இத்தனை வருஷம் அந்த ஆளுக்கு இது எப்படிக் கேட்டுச்சோ அப்படியே கேக்கறதுக்கு இன்னொருத்தன் இருந்தான் மாப்ள. அது அவனுக்குத் தெரியாது. இருந்தாலும் இருந்தான். இப்ப நானும் உங்க பக்கம் வந்துட்டேன். அவன் மட்டும் அங்க ஒத்தையில நிக்கறான்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நான் விசும்பியது அவருக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது, திரும்பிப் பார்த்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.