நாலாம் காம்பராவுக்கும் ஐந்தாம் காம்பராவுக்கும் நடுவே

டயகமப் பக்கம் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான பணிய லயம் 1884இல் கட்டப்பட்டது. முதல் வாசலின் நிலைக்கல்லில் அந்த ஆண்டை வெட்டியிருக்கிறார்கள். கருங்கல்லைப் பிளந்து, களிமண் சாந்தில் அடுக்கி, வெளியே சுண்ணாம்பு பூசிய சுவர்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக, குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பத்துக் காம்பராக்கள், முன்னால் நீளமாக இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம். கூரைக்கு முதலில் மானாப்புல் வேய்ந்திருந்தார்கள். 1911 முதல் தகரம். காம்பராக்களைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள் மட்டும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல் கூரைவரை வெறும் இடைவெளிதான்.

அம்மாக்கண்ணு பிறந்தது நாலாம் காம்பராவில். வாழ்க்கைப்பட்டது ஐந்தாம் காம்பராவுக்கு. ஒரு வாசல்தான் தூரம் என்பதால், கல்யாண ஊர்வலம் லயத்தை மூன்று முறை சுற்றிவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததாம். கணவர் 1951இல் காலமானார். பிள்ளைகள் இல்லை. நாலாம் காம்பராவில் அவளுடைய அண்ணன் மகன் கணேசமூர்த்தியும் அவன் மனைவி லெட்சுமியும் குடியிருந்தார்கள். கொழுந்து நிறுத்து வீடு வந்ததும் அம்மாக்கண்ணு அடுப்பு மூட்டுவாள். சுவருக்கு மேலுள்ள அந்த இடைவெளி வழியே அவள் பக்கமிருந்து தணல் போகும். அந்தப் பக்கமிருந்து குழம்பு வரும். பேச்சு மட்டும் விளக்கணையும்வரை இரண்டு பக்கமும் போய் வரும்.

1957இல் தோட்டத்தின் பழைய லயங்களை இடிக்கத் தொடங்கினார்கள். கட்டடப் பதிவேடு என் பொறுப்பில் இருந்ததால் தோட்ட நிர்வாகியான பெரிய துரையோடு நானும் பார்க்கப் போனேன். அன்றைய அடைமழையிலும் பணிய லயத்துச் சுவர்கள் உள்ளே காய்ந்தே இருந்தன. துரை கையால் தடவிப் பார்த்தார். இந்த லயத்தை இடிக்கக் கூடாது, வெளிச்சுவரில் ஒரு கல்லையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு எழுதினார். உள்ளே ஒரே ஒரு மாற்றம்: குறுக்குச் சுவர்களைக் கூரைவரை உயர்த்த வேண்டும்.

லயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாக்கண்ணு மட்டும் கொத்தனார் மாயாண்டியின் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா மாயாண்டி, கூரை வரைக்கும் ஏத்திப்புட்டா நான் சாயங்காலம் சுவத்தோடயா பேசுறது?"

"இத்தனை வருசமும் சுவத்தைப் பார்த்துத்தானேக்கா பேசுனீங்க? இனியும் பேசுங்க, யாரு வேணாங்குறா!"

லெட்சுமி இஸ்தோப்புக்கு வந்தாள். "கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. ராத்திரி அவரு எங்கிட்டச் சொல்றதுக்கு நீங்க காலையில பீலிக்கரையில வச்சுப் பதில் சொல்றீங்க. நான் எங்க போயி முகத்தை வச்சுக்கிறது?"

தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"காதைக் கழட்டியா வைக்க முடியும்?" என்று முனகிவிட்டு அம்மாக்கண்ணு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் அவள் அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் நாலாம், ஐந்தாம் காம்பராக்களுக்கு நடுவேயுள்ள குறுக்குச் சுவரின் முறை வந்தது. பாதி உயர்ந்த சுவரின் கீழே நின்று லெட்சுமி சொன்னாள்: "அண்ணே, ஒரு சோத்துச் சட்டி நுழையுற அளவுக்கு இடம் விடுங்க. அதுக்கு ஒரு பலகைக் கதவு போட்டுருங்க."

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அவ பக்கமே வையிடா. எனக்கு எதுக்குத் தாழ்ப்பாளு? நான் என்ன ரகசியமா பேசப்போறேன்?"

அன்று இரண்டு அடுப்பும் எரிந்தன. தணல் புதுக் கதவு வழியாகப் போனது.

1964இல் கூரைத் தகரம் மாற்றுவதற்காகக் கணக்கெடுக்க மறுபடி போனேன். நாலாம் காம்பராவில் லெட்சுமிக்கு இரண்டு பிள்ளைகள். பலகைக் கதவு திறந்தே கிடந்தது. தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தேன். திறந்த நிலையிலேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. பெரிய பிள்ளை மேசைமேல் ஏறி நின்று, வெறுந்தேயிலைச் சாயத்தண்ணிக் கோப்பையை அந்த வழியே நீட்டியது. "அப்பாயி, சீனி!" அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து கோப்பையை வாங்கிக்கொண்டது.

பதிவேட்டில் இப்படி எழுதினேன்: குறுக்குச் சுவர், நல்ல நிலை. பலகைக் கதவு, ஒன்று. தாழ்ப்பாள், பழுது. மாற்றத் தேவையில்லை.