செம்மார்பு வாத்து வந்ததாகச் சொன்னவர்

எங்கள் பறவை நோக்கர் குழுவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. 'சந்தேகம்' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. கடைத்தெருத் திருப்பத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். யார் எந்த அரிய பறவையைக் கண்டதாகக் குழுவில் எழுதினாலும், "வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்துச்சு? எவ்வளவு தூரம்? கூட யார் இருந்தா?" என்று கேட்பார். பதில் மனத்துக்கு ஒப்பவில்லையென்றால் "சந்தேகம்" என்ற ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். குழுவில் இருக்கும் பல் டாக்டர் ஒருமுறை கொதித்துப்போய், "இவருக்கு இவர் முகத்தையே காட்டினாக்கூட, கூட யார் இருந்தான்னுதான் கேப்பாரு" என்றார். குளிர்காலப் பதிவுகளைத் தொகுக்கும் பொறுப்பு என்னுடையது. அவர் 'சரி' என்ற எதையும் நான் மறுபடி சரிபார்த்ததில்லை.

ஏரிக்கரையில் அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. நாணல் வரம்பைத் தாண்டுமுன் கைபேசியை அணைத்துவிட வேண்டும். ஒரு மணியோசை போதும், நீரில் அமர்ந்திருக்கும் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும், எண்ணியதெல்லாம் பாழ். போன குளிர்காலத்தில் அவர் அப்படி ஊசிவால் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான், அவர் மனைவி சமையலறையில் விழுந்தார். வெளியூரில் மாட்டு டாக்டராக வேலை பார்க்கும் மகளிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் குரல் நின்றது. மகள் அப்பாவை அழைத்தாள். திரும்பத் திரும்ப அழைத்தாள். பிறகு பக்கத்து வீட்டாரை அழைத்தாள். அவர்கள் கதவை உடைத்து உள்ளே போவதற்குள் காலம் கடந்திருந்தது. எண்ணி முடித்து, வரம்புக்கு வெளியே வந்து அவர் கைபேசியை உயிர்ப்பித்தபோது, வந்து குவிந்திருந்தவை மகளின் அழைப்புகள்.

அடக்கம் முடிந்த அன்று மகள் சொன்னதை அவருடைய தங்கை என்னிடம் சொன்னார்: "உங்க வாத்துங்க பத்திரமா இருக்குல்ல? அது போதும்ப்பா." அதன்பின் அவள் அவரோடு பேசவில்லை.

அவர் அழைத்தால் முதல் மணியிலேயே துண்டித்துவிடுவாள். தங்கையின் கைபேசியிலிருந்து அழைத்துப் பார்த்தார். மூச்சுச் சத்தத்தைக் கேட்டே அடையாளம் கண்டுகொண்டாள். நேரில் போனார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருக்க, கம்பவுண்டர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, "டாக்டர் ஊசி போட வெளிய போயிருக்காங்கய்யா" என்றார். அந்த ஸ்கூட்டருக்கு எதிரே மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். கடையில் வலக்கண் வில்லையை இடப்பக்கம் பொருத்திக் கொடுக்கத் தொடங்கினார். "சாப்டியாண்ணா?" என்று தங்கை கேட்டால், "ஆச்சு" என்பார். சோறு மூடியபடியே இருக்கும்.

இந்தக் குளிர்காலம் வந்தது. மகள் எங்கள் குழுவிலிருந்து விலகவில்லை. எதுவும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். அவளுடைய சின்ன வயது அறைச் சுவரில் செம்மார்பு வாத்தின் படம் ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது. எங்கள் ஏரிக்கு அது ஒருபோதும் வந்ததில்லை. "அது மட்டும் வரட்டும்ப்பா, எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தவள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் குழுவில் எழுதினார்: "செம்மார்பு வாத்து. ஒன்று. மேற்குக் கரை. பட்டைத்தலை வாத்துகளின் நடுவே."

வெளிச்சம் இல்லை, தூரம் இல்லை, உடனிருந்தவர் பெயர் இல்லை. ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எழுதியவர் அவராயிற்றே.

மறுநாள் விடியும்போதே கரை நிறைந்துவிட்டது. பல் டாக்டர் இரண்டு நோயாளிகளைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருந்தார். "அய்யாவே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன? எல்லாரும் கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாருங்க." பனி மெல்ல விலகியது. எல்லோரும் நீரைப் பார்த்தார்கள். அவர் மட்டும் முதுகை ஏரிக்குக் காட்டி, பேருந்து வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அவள் இரண்டாவது பேருந்தில் வந்தாள். கழுத்தில் அவர் வில்லை மாற்றிக் கொடுத்த பழைய இருநோக்கி. அவரைக் கடந்து போய், தள்ளி நின்று, வாத்துக் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தாள். மறுபடி திரும்பிப் பார்த்தாள். பட்டைத்தலை வாத்துகள் மட்டுமே இருந்தன. இருநோக்கியை இறக்கிவிட்டு அவரிடம் வந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவர் ஏரிப் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு தூரம்?"

மேற்குக் கரையை நோக்கிக் கையை நீட்டி, பாதியில் இறக்கிக்கொண்டார்.

"கூட யார் இருந்தா?"

"யாரும் இல்லம்மா" என்றார். "யாருமே இல்ல."

அவள் கரையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறாங்க. தப்புன்னு போடுங்க."

"போட்டா நீ போயிடுவியே."

"போடற வரைக்கும் நிக்கிறேன். போடுங்கப்பா."

அவர் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். அணைந்திருந்தது. அன்றைக்கும், எண்ணுவதற்காக வராத அன்றைக்கும், வரம்பைத் தாண்டுமுன் பழக்கத்தில் அணைத்திருக்கிறார். அவள் அதைப் பார்த்தாள்.

"ஆன் பண்ணுங்க" என்றாள். "இன்னைக்காவது ஆன் பண்ணுங்க."

உயிர்ப்பித்தார். விடிந்ததிலிருந்து குழுவில் குவிந்திருந்த வாழ்த்துகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்துக்கொண்டு வந்து விழுந்தன. வாத்துக் கூட்டம் எழும்பியது. கரையில் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை; ஓர் எழுத்தை அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். மயிரிழை பிசகாமல் வில்லை தேய்த்த விரல்கள். திரும்பும் பேருந்தின் ஹாரன் சாலையில் கேட்டதும், இன்னும் மெதுவாக அழித்தார்.

அவள் கைபேசியை வாங்கி, 'தப்பு' என்று தானே எழுதி அனுப்பிவிட்டு, அவர் உள்ளங்கையில் வைத்தாள். சற்றுத் தொலைவில் பல் டாக்டர் தன் கைபேசியையும் உயிர்ப்பித்துப் படித்துவிட்டு, "இனிமே இவர் காக்கான்னு சொன்னாக்கூட நம்பமாட்டேன்" என்றார்.

"நான் கூப்பிட்டா எடுப்பியா?" என்று, பேருந்தை நோக்கிப் போன அவள் பின்னாலேயே நடந்தார் அவர்.

"தெரியலப்பா."

பேருந்து கிளம்பியது. அது வளைவில் மறைவதற்குள் அவர் எண்ணை அழுத்திவிட்டார். அவசரத்தில் விரல் பட்டு ஒலிபெருக்கி திறந்துகொண்டது போலும், எனக்கும் கேட்டது. முதல் மணி. இரண்டாவது மணி. அவள் துண்டிக்கவில்லை, எடுக்கவும் இல்லை. வெறுமையான ஏரிக்கு முன்னால், மணி போய்க்கொண்டே இருந்தது.